வீட்டுக்குள் வந்த கொம்புகள்

எனக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கரவெட்டியில் எங்கள் வீட்டுப் படலைக்கு முன்னால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்து நின்றது. அதன் பின்பெட்டியில் அலுமாரி அளவான இரண்டு மரப்பெட்டிகள் படுத்துக் கிடந்தன. அவற்றின் மேல் சாக்குச் சுற்றிய இரண்டு இரும்புக் கொம்புகள். ஒவ்வொன்றின் வாயும் ஒரு சுளகு அகலம் இருக்கும். பெட்டிகளைக் கட்டிப் பிடித்தபடி, தலையெல்லாம் ஒட்டடையாக, என் கணவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கலியாணப் படங்கள் எதிலும் அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

"இஞ்சேரும், படலையை முழுசாத் திறவும்," என்றார்.

"உது என்ன?"

"ஒலிபெருக்கி. தியேட்டரிலை இருந்தது."

யாழ்ப்பாணத்தில் ஒரு படமாளிகையில் புதுக் கருவிகள் பூட்டியபோது, திரைக்குப் பின்னால் பல காலமாக நின்ற பழைய ஒலிபெருக்கிகளை வெளியே தள்ளியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் என் கணவரின் நண்பர். குருநகர்க்காரர், மாதா கோயில் பெருநாட்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். என் கணவரோ நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைகிறவர். பாட்டுக் கேட்பதில் அவருக்கு ஆசை உண்டென்று கலியாணத்துக்கு முன் சொல்லியிருந்தார்கள். ஆசையின் நீள அகலம் எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை.

பெட்டிகள் வாசலால் போகவில்லை. காணிகளை அங்குலம் தப்பாமல் வரைகிற மனிதர், எங்கள் கதவு நிலையை வெளிப்பக்கமாக அளந்துவிட்டுப் போயிருந்தார். கடைசியில் கூடத்து யன்னலை நிலையோடு கழற்றி அதன் வழியாகத்தான் ஏற்றினார்கள். யன்னலைத் திரும்பப் பூட்ட ஆள் கிடைக்கும்வரை ஆடுகள் அந்த வழியால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. கூடத்தில் இடம் வேண்டுமென்று என்னுடைய சீதன அலுமாரி குசினிக்குப் போயிற்று. அதன்பிறகு எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் என்னுடைய கூறைச்சேலையில் பொரித்த மீன் வாசம் வந்தது.

பக்கத்து வளவில் இருந்தவர் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். புருஷனை இளம் வயதில் இழந்தவர். தம்பியையும் தன் ஒரே மகளையும் சேர்த்தே வளர்த்தவர். ஏதோ காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய காது மந்தமாகிவிட்டது. சத்தம் கேட்கும், சொல் பிரிந்து கேட்காது. அதனால் வீட்டில் எல்லோரும் அவரோடு உரத்துக் கதைப்போம். அவர் எங்களைவிட உரத்துக் கதைப்பார். வேலியில் இருந்த பொட்டால் புகுந்து வந்து பெட்டிகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"தம்பி, உதுக்குள்ளை என்ன வைக்கிறது?"

"ஒண்டும் வைக்கிறேல்லை, அக்கா. பாட்டுக் கேக்கிறது."

"பாட்டுக்கு உவ்வளவு பெரிய வீடு வேணுமோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதல்நாள் பாட்டுப் போட்டபோது ஒரு கொம்பு பேசவே இல்லை. மற்றது பேசியது. தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் பாடுவதுபோல இருந்தது. இரண்டாவது பாட்டுத் தொடங்குவதற்குள் மச்சாள் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஆரோ கிணத்துக்கை விழுந்திட்டினம் போலை கிடக்கு. ஒருக்காப் போய்ப் பார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருநகர் நண்பர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒரு கையில் நண்டுப் பை, சட்டைப் பைக்குள் புதுத் தகடு. கொம்பின் பின்புறத்தில் ஒரு கனத்த குமிழ் இருந்தது. அதைக் கழற்றினால் உள்ளே, சின்னக் கிண்ணம்போல வளைந்த மெல்லிய தகடு. அதுதான் நடுங்கிச் சத்தம் போடுவது. பழையது பிளந்திருந்தது. நண்பர் அதை மாற்றிக்கொண்டே என் கணவருக்குப் புத்தி சொன்னார்.

"மச்சான், இது ஆயிரம் பேர் இருக்கிற மண்டபத்துக்குச் செய்தது. வால்வுக் காலத்துச் சாமான். ஒரு நுள்ளுக் கரண்ட் குடுத்தாலே ஊரைக் கூப்பிடும். நீ இதை இந்தக் கூடத்துக்கை வைச்சு என்ன செய்யப் போறாய்?"

"பழக்குவன்," என்றார் என் கணவர், ஏதோ கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

இரண்டு கொம்புகளும் சேர்ந்து பேசிய அன்று கூரை வளையிலிருந்து ஒரு பல்லி என் மடியில் விழுந்தது. பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் காதில் ஊசி ஏறியது. கீழே மரப்பெட்டிக்குள் இருந்த பெரிய ஒலிபெருக்கி ஏதோ முணுமுணுத்தது. மேலே கொம்பு அதைப் பேச விடாமல் கத்தியது. என் கணவர் மட்டும் கண்ணை மூடி, "நல்ல சாமான். கொஞ்சம் திருத்தவேணும்," என்றார்.

அந்தக் கொஞ்சம் பல வருடங்கள் எடுத்தது.

அவருக்குக் கணக்கு வரும், கோடு வரும். கூடத்தின் வரைபடத்தை வரைந்து, எந்தப் பெட்டி எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்று பென்சிலால் கதிர்கள் கீறி வைத்திருந்தார். காது மட்டும் அவரை அடிக்கடி ஏமாற்றியது. புதிதாக எதையாவது பூட்டினால், பூட்டிய களைப்பிலேயே அது நன்றாக இருப்பதாக அவருக்குக் கேட்கும். நான் அப்போது தபால் கந்தோரில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை செய்தேன். கொழும்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வருகிற குரல்களை இரைச்சலுக்குள்ளிருந்து பொறுக்கி எடுப்பது என் பிழைப்பு. ஆகவே வீட்டில் எனக்குக் கேட்கிற உத்தியோகம் கிடைத்தது. கூடத்தின் நடுவில் ஒரு கதிரை, அதன் கால்களைச் சுற்றிச் சோக்கட்டியால் வட்டம். வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்குமுன் நான் அதில் உட்கார வேண்டும்.

"கண்ணை மூடும். இப்ப கேளும்." ஏதோ ஒரு வயரை மாற்றுவார். "இப்ப?"

"முந்தி நல்லா இருந்தது."

"எந்த முந்தி?"

"நீங்கள் தொட முந்தி."

கோபித்துக்கொண்டு மறுபடி மாற்றுவார். ஆனால் என் சொல்லைத் தட்டமாட்டார். கொம்பின் கத்தலைக் குறைக்க, அதற்குப் போகிற வயரில் ஒரு மின்தடையைப் பூட்டினார். ஊசி மழுங்கியது. பிறகு, கொம்பை நகத்தால் தட்டினால் கோயில் மணிபோல நெடுநேரம் இரைவதைக் கண்டுபிடித்தார். பாடகர் பாடி முடித்த பிறகும் இரும்பு தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்கிறது என்றார். அதை அடக்க வேண்டும். றோட்டுப் போடுகிறவர்களிடம் ஒரு பேணி தார் வாங்கிவந்து, இரண்டு கொம்புகளின் வெளிப்புறத்திலும் கனமாகப் பூசி, அதன்மேல் சாக்கைச் சுற்றிவிட்டார். இரைச்சல் நின்றது, உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் கூடம் முழுவதும் புது றோட்டு மணம். வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வெளியே பார்ப்பார்கள். கலியாணம் சொல்ல வந்த ஒரு அம்மா நல்ல பட்டுச்சேலையோடு கொம்பில் சாய்ந்துவிட்டு, சேலையை விடுவிக்க முடியாமல் அரைமணி நேரம் எங்களோடு கூடுதலாக இருந்துவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் சத்தம் எதிரொலிக்கிறது என்று அடுத்த பிரச்சினை. உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கவேண்டுமாம். சில நாட்களாக என் தலையணை மெலிந்துகொண்டு வருவதுபோல எனக்குப் பட்டது. மனப்பிரமை என்று நினைத்தேன். ஒருநாள் பெட்டியின் பின்பலகையைக் கழற்றியபோது உள்ளே இலவம்பஞ்சு வெள்ளையாக நிறைந்திருந்தது.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுத்தனான்," என்றார். "உமக்குத் தெரிய வராது எண்டு நினைச்சன்."

முன்பக்கத்துக்கு மறைப்புத் துணி கிடைக்காமல், பனையில் இருந்து பன்னாடை எடுத்து, கழுவிக் காயவைத்து, சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தார். சத்தம் தடையில்லாமல் அதனூடே வந்தது, பார்வைக்கும் குறையில்லை. மச்சாள் வந்து பார்த்தார். "பன்னாடை வேலை எண்டு நான் சொன்னது உனக்குக் கேட்டுப்போட்டுது போலை," என்றார் தம்பியிடம்.

இவ்வளவும் செய்தும் எனக்கு ஒரு குறை இருந்தது. பாட்டு வரும், மிருதங்கம் வரும், ஆனால் பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. என் கணவர் பெட்டிகளை விரல் விரலாக நகர்த்தினார். மிருதங்கத்தில் தோலின் சத்தமும் விரலின் சத்தமும் ஒன்றாக வரவேண்டும் என்று கொம்பைப் பெட்டியின் மேல் முன்னும் பின்னும் தள்ளினார். நிலமெல்லாம் சோக்கட்டிக் கோடுகள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏன் இந்த மனிசன் ரெண்டு சுவருக்குள்ளையும் ஒளிச்சிருந்து பாடுறார்? நடுவிலை வந்து பாடினால் என்ன?"

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ஒரே அமைதி. எட்டிப் பார்த்தால், டோர்ச்சிலிருந்து ஒரு பற்றறியைக் கழற்றி, பெரிய ஒலிபெருக்கியின் வயர் நுனிகளில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டதும் ஒரு பெட்டியில் கடதாசிக் கூம்பு வெளியே தள்ளியது. மற்றப் பெட்டியில் அதே கூம்பு உள்ளே இழுத்தது. தார் பூசுவதற்காகக் கழற்றியபோது ஒரு பக்க வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறார். அன்றிலிருந்து இத்தனை மாதமும் ஒரு பெட்டி மூச்சு விடும்போது மற்றது மூச்சை இழுத்திருக்கிறது.

வயரை மாற்றிப் பூட்டிவிட்டுப் பாட்டைப் போட்டார். பாடகர் சுவருக்குள்ளிருந்து வெளியே வந்து, சாமிப் படத்துக்குக் கீழே, நடுக்கூடத்தில் நின்று பாடினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டதுகூட அந்த இடத்தில்தான் கேட்டது. நான் கையில் அகப்பையோடு நின்றுவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார். "இப்ப?" என்று கேட்கவில்லை. எனக்கும் "முந்தி நல்லா இருந்தது" என்று சொல்ல வாய் வரவில்லை.

எண்பத்தேழில் வடமராட்சியில் சண்டை வந்தபோது எல்லோரையும்போல நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயிலில் போய் இருந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் சைக்கிள் இல்லை, றேடியோ இல்லை, குசினிப் பாத்திரங்கள் பாதி இல்லை. கொம்புகளும் பெட்டிகளும் அவற்றை ஓட்டுகிற கனத்த அம்ப்ளிபயரும் அப்படியே நின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு ஒருவருக்கும் தைரியமோ முதுகோ இருக்கவில்லை. ஒரு பெட்டியில் மட்டும் வெடித்த செல் குண்டின் துண்டு ஒன்று புகுந்து, கோப்பை வாய் அளவில் ஒரு துவாரம் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்து அழுதேன். அந்தத் துண்டு வந்த உயரத்தில்தான் என் கதிரை இருந்தது. என் கணவர் துவாரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். இரவல் வாங்கிய ரேப் றெக்கோடரில் பாட்டுக் கேட்ட அன்றைக்கு அந்தத் துவாரத்துக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இஞ்சேரும், கோவிக்காதையும். இந்தப் பக்கம் பாஸ் கூடியிருக்கு."

கேட்டுப் பார்த்தேன். கனத்த அடிச்சத்தம் கூடித்தான் இருந்தது. மற்றப் பெட்டிக்கும் அதே அளவில் அவர் ஒரு துவாரம் வெட்டினார்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கிக் கரண்ட் போயிற்று. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தோம். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டோம். அம்ப்ளிபயரைத் துணியால் மூடி அலுமாரிக்கு மேல் வைத்தார். பெட்டிகளின் மேல் நான் வற்றல் மிளகாய் பரப்பினேன். மச்சாளின் கோழி ஒன்று, ஊரில் வேறு இடமே இல்லாததுபோல, இடது பக்கக் கொம்புக்குள் வைக்கோலைச் சேர்த்து முட்டையிடத் தொடங்கியது. அதைக் கலைக்க என் கணவருக்கு மனம் வரவில்லை. "கொம்புக்குள்ளை இருந்து கத்தேக்கை கோழியின்ரை சத்தம் எவ்வளவு பெலக்குது எண்டு பாரும்," என்று அதையும் இருந்து கேட்டார்.

இதற்கிடையில் மச்சாளின் மகள் கலியாணமாகி நோர்வேக்குப் போயிருந்தாள். கடிதங்கள் வரும், வராது. வந்தாலும் பழையதாகத்தான் வரும். மச்சாள் தன் பங்குக்குக் கொழும்புக்குப் போகிறவர்கள் கையில் மிளகாய்த்தூள் கொடுத்து அனுப்புவார். அவருடைய தூள் எங்கள் பக்கத்தில் பெயர் போனது. எந்தச் சாமானை எவ்வளவு வறுப்பார் என்று ஒருவருக்கும் சொல்லமாட்டார், எனக்கும்தான்.

ஒருநாள் பின்னேரம், கொழும்பிலிருந்து கிளாலிக் கடலால் படகில் வந்த ஒருவர் ஒரு சின்னப் பார்சலைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஒரு கசெற். மகள் தன் குரலிலேயே பேசி அனுப்பியிருந்தாள். அப்போது பற்றறி என்றால் மருந்துக்கும் கிடையாது. எல்லா வீடுகளிலும்போல நாங்களும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒரு சின்ன ரேப் றெக்கோடரை ஓட்டுவோம். அப்படியே ஓட்டினோம். மச்சாள் அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முகத்தை ஒரு பக்கம் சரித்தார்; மறுபக்கம் சரித்தார். கொஞ்ச நேரத்தால் மடியில் வைத்துவிட்டார்.

"பிள்ளையின்ரை சத்தம்தான். என்ன சொல்லுறாள் எண்டுதான் விளங்கேல்லை."

நாங்கள் சொல்கிறோம் என்றோம். வேண்டாம் என்றார். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்குக் கடிதமே போதும் என்றார். பிறகு கூடத்து மூலையைப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் கொம்பாலை கேக்கேலுமோ?"

என் கணவர் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. கரண்ட் இல்லாமல் எப்படி என்று நான் கேட்டேன். குருநகர் நண்பர் முன்பு சொன்னதையே அவர் திருப்பிச் சொன்னார்: இதற்கு ஒரு நுள்ளுக் கரண்ட் போதும். அம்ப்ளிபயர் தேவையில்லை, அந்தச் சின்ன ரேப் றெக்கோடரின் குரலே இந்தக் கொம்புக்குப் போதும். ஆகவே, முட்டைகளும் வைக்கோலும் வெளியே வந்தன. கோழி கோபித்துக்கொண்டு யன்னலால் போயிற்று. கொம்பின் வாயை ஈரத்துணியால் துடைத்தார். றெக்கோடரைத் திறந்து உள்ளே இடமும் வலமும் இருந்த இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளின் வயர்களை எடுத்து அந்தந்தப் பக்கக் கொம்புப் பெட்டியின் வயரோடு முறுக்கினார். என்னைச் சைக்கிளில் ஏற்றினார். மச்சாளை, காலமெல்லாம் நான் இருந்த அந்தக் கதிரையில் இருத்தினார்.

மிதிக்கத் தொடங்கினேன். முதலில் உரத்த மூச்சுப்போல ஒரு இரைச்சல். பிறகு, சாமிப் படத்துக்குக் கீழே நின்று, "அம்மா" என்றாள் மச்சாளின் மகள்.

மச்சாள் கதிரையின் கைகளைப் பிடித்தார். என் கால் தடுமாறியது. உடனே மகளின் குரல் கனத்து ஆம்பிளைக் குரலாயிற்று. "மிதியும், மிதியும்," என்றார் என் கணவர் கையை வீசி. வேகமாக மிதித்தேன், குரல் கீச்சிட்டது. "கொஞ்சம் மெல்ல. ஆ, உப்பிடியே." இப்படி அவர் கைகாட்ட நான் மிதிக்க, பிள்ளை ஒரு நிலைக்கு வந்து பேசினாள். அங்கே குளிர் என்றாள். மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை என்றாள். மச்சாள் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டினார். எதிரில் நிற்கிற ஆளுக்குச் சொல்வதுபோல, "ஓம்," "ஓம் பிள்ளை," என்றார். நடுவில் என்னிடம் திரும்பி, "பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சிருக்கு," என்றார். நானும் என் கணவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அந்த மூக்கடைப்பு எங்களுக்குப் படவில்லை.

கொம்பு ஒருபோதும் வீட்டோடு நின்றதில்லை. வேலிக்கு வெளியே நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மகள் சொன்னாள், "அம்மா, நீங்கள் அனுப்பின தூள் வந்தது. நல்ல வாசம்."

அவளுக்குப் பின்னால், வேறொரு அறையிலிருந்தாக வேண்டும், அவளுடைய புருஷனின் குரல் இரகசியமாகக் கேட்டது. தார் பூசாத, பஞ்சு வைக்காத, வயர் மாறிய ஒலிபெருக்கி என்றால் அது கேட்டிருக்காது. எங்களுடையதில் அவர் வலப்பக்கச் சுவருக்குக் கிட்ட நின்று சொல்வதுபோல வடிவாகக் கேட்டது.

"வாசம் எண்டதோடை நிப்பாட்டும். வாயிலை வைக்கேலாமல் கிடந்ததைச் சொல்லிப் போடாதையும். குப்பையிலை..."

எனக்குக் கால் நின்றுவிட்டது. அதனால் "குப்பையிலை போட்டதையும்" என்ற சொற்கள் நீண்டு, கனத்து, எமதர்மராசன் சொல்வதுபோலக் கூடமெல்லாம் இறங்கின. வேலிக்கு வெளியே ஒரு பெண் கனைத்தாள். சைக்கிள்காரர் பெடலில் காலை வைத்தார்.

மச்சாள் தம்பியைப் பார்த்தார். "பின்னாலை மருமகன் என்னவோ சொன்னார். என்ன சொன்னவர்?"

என் கணவரின் நிலையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று பாவமாகத்தான் இருந்தது. இத்தனை வருடமும் வந்தவர் போனவருக்கெல்லாம், பாடுகிறவர் உதட்டை ஈரமாக்குவதுகூடத் தன்னுடைய கொம்பில் கேட்கும் என்று சொன்ன மனிதர். சொன்னது கேட்டது என்றால் அக்காவின் மனம் உடையும். கேட்கவில்லை என்றால் கொம்பின் மானம் போகும். அவர் கொம்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அது விளங்கேல்லை, அக்கா," என்றார் கடைசியில். "கொம்பு சரியில்லை. தெளிவில்லாமல் கிடக்கு."

"உவ்வளவு காலமும் உருட்டினதுக்கு உதுதானோ?" என்றார் மச்சாள். மீதியை ஓடவிட்டுக் கேட்டார். முடிந்ததும் கசெற்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வேலிப் பொட்டால் போனார். என் கணவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவுக்காக எத்தனையோ செய்திருக்கிறார். அவற்றுள் இதுதான் அவருக்குப் பாரமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தநாள் காலை மச்சாள் திரும்ப வந்தார். குளித்து, திருநீறு பூசி, ஒரு நல்ல சேலை உடுத்திருந்தார்.

"பதில் பேசி அனுப்ப வேணும். உதிலை பதியேலும்தானே?"

ஏலும் என்றோம். நான் மறுபடி சைக்கிளில் ஏறினேன். மச்சாள் றெக்கோடருக்குக் கிட்ட முகத்தை வைத்து, ஊர்ப் புதினங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பசு கன்று போட்டதைச் சொன்னார். மழை பிந்தியதைச் சொன்னார். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். பிறகு குரலை மாற்றாமலே தொடர்ந்தார்.

"மருமகனுக்கும் சொல்லு பிள்ளை. தூள் வாயிலை வைக்கேலாமல் கிடந்தால் அது வழியிலை ஈரம் பட்டிருக்கும். அது என்ரை பிழையில்லை. இனிமேல் குப்பையிலை போட முந்தி ஒரு சொல்லுச் சொன்னால், நான் வேறை அனுப்புவன்தானே. சந்தோசமா இருங்கோ."

என் கணவர் பதிவை நிறுத்திவிட்டு மெல்ல அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அப்ப நேற்று உங்களுக்குக் கேட்டதோ?"

"ஏன் கேக்காமல்?"

"முழுசும்?"

"ஒரு சொல்லும் தப்பேல்லைத் தம்பி."

"அவர் எந்தப் பக்கத்திலை நிண்டு சொன்னவர்?"

மச்சாள் யோசிக்காமல் வலப்பக்கச் சுவரைக் கையால் காட்டினார்.

என் கணவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது. மருமகன் அவமானப்படுத்தியதும் மறந்துபோயிற்று, அக்காவிடம் பொய் சொன்னதும் மறந்துபோயிற்று. "மூச்சு எடுத்தது கேட்டதோ? கதிரை கிறீச்சிட்டது கேட்டதோ?" என்று குனிந்து குனிந்து விசாரித்தார். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

"பேந்து ஏன் என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"நீ என்ன சொல்லுறாய் எண்டு பாக்கத்தான்," என்றார் மச்சாள். சற்றுப் பொறுத்து, "நீ கொம்பை விட்டுக் குடுப்பாய் எண்டு நான் நினைக்கேல்லை," என்றும் சொன்னார். இருவரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

சில மாதங்களில் அடுத்த கசெற் வந்தது. இந்தமுறை மருமகன்தான் முதலில் பேசினார். வானொலியில் செய்தி வாசிப்பவரைப்போலச் சுத்தமான தமிழில், மாமியின் சுகத்தை விசாரித்து, தூளின் அருமையை நெடுநேரம் எடுத்துச் சொன்னார். மகள் பின்னால் நின்று சிரிப்பை அடக்குவது கேட்டது. மச்சாள் மகளுடைய பகுதியை ஒருமுறையும் மருமகனுடைய பகுதியை மூன்று முறையும் போடச் சொன்னார். மிதித்து என் முழங்கால் கழன்றது. "பின்னாலை வேறை ஆரும் கதைக்கினமோ எண்டு வடிவாப் பாருங்கோ," என்று எங்களையும் காவல் வைத்தார். ஒருவரும் கதைக்கவில்லை. அன்று மச்சாள் எனக்குத் தூள் வறுக்கும் பக்குவத்தைச் சொல்லித் தந்தார். எதையோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

செய்தி பரவியதும் வெளிநாட்டுக் கசெற்றுகளோடு ஊரில் பலர் வரத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று வீட்டு விசயங்கள் சந்தி வரைக்கும் போனபிறகு, வருகிறவர்கள் ஈரச்சாக்கும் கொண்டுவந்து யன்னலில் தொங்கவிட்டுத்தான் கேட்டார்கள். மிதிப்பதற்கு அவரவரே ஆள் கொண்டுவரவேண்டும் என்று நான் சட்டம் போட்டேன்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் ஆமி முன்னேற, வலிகாமத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்துசேர்ந்தது. எங்கள் வீட்டில் மட்டும் மூன்று குடும்பங்கள். கூடத்தில் காலை நீட்ட இடமில்லை. ஒருவரும் கேட்காமலே என் கணவர் கொம்புகளை இறக்கி மாட்டுக் கொட்டிலில் வைத்தார். பெட்டிகளின் உள்ளே இருந்த ஒலிபெருக்கிகளையும் கழற்றினார். ஒரு பெட்டி எல்லோருடைய அரிசிக்கும் ஆயிற்று. மற்றதைப் படுக்க வைத்தபோது, கோண்டாவிலிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், ஒன்றும் சொல்லாமல் பழைய சேலைகளை மடித்து உள்ளே விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். நடந்துவந்த அத்தனை நாளும் தூங்காத பிள்ளை அதற்குள் கிடந்து தூங்கியது. அந்தத் தூக்கத்தில் வீடு முழுவதும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. மச்சாள்கூட இரகசியமாகக் கதைக்கப் பழகினார். அவருடைய இரகசியம் அடுத்த வளவு வரைக்கும்தான் கேட்கும்.

சில மாதங்களில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். பிள்ளை வேறெங்கும் தூங்க மறுத்தது. அந்தப் பெண் கேட்கத் தயங்கிக்கொண்டு நின்றாள். என் கணவர் பெட்டியைக் கயிறு போட்டுத் தானே அவர்களுடைய வண்டிலில் ஏற்றினார். வண்டில் படலையைத் தாண்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. பின்னால் ஓடிப்போய்ப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, நிலத்திலை நேர வைக்காதேங்கோ. ஈரம் இழுக்கும். வெயில் படவும் விடக்கூடாது. உள்ளுக்குப் பூச்சி வருதோ எண்டும் இடைக்கிடை பாருங்கோ."

அவள் கண்கலங்கிவிட்டாள். "ஓமண்ணை," என்றாள். "பிள்ளைக்கு ஒண்டும் வராமல் கவனமாப் பாப்பன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, வண்டில் சந்தியில் திரும்பும்வரை றோட்டிலேயே நின்றார்.